பனிமலைப் பெட்டகத்தில் நம் வேர்க்கடலை

திருப்பதியிலிருந்து வடதுருவம் ஏறத்தாழ 8,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோடையில் 40 பாகை வெப்பத்தைக் கடக்கும் சித்தூர்ச் சீமைக்கும், ஆண்டில் சில மாதங்கள் கதிரவனே எழாத அந்தப் பனிப்பரப்புக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று வாசகர்கள் வியக்கலாம். உறவு உண்டு. அது நம் அடுப்பங்கரை வழியாகவும் வயல்வெளி வழியாகவும் செல்கிறது. வங்கியாளர்களாகிய எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு சொல்லின் வழியாகவும் செல்கிறது. அச்சொல் 'பெட்டகம்'.

துருவங்களைப் பற்றிய அறிவு ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று. நாம் எதை உண்கிறோம், ஏன் உண்கிறோம், நாளை எதை உண்ணப்போகிறோம் என்னும் வினாக்களுக்கு அந்தத் தொலைநிலங்கள் தெளிவான பாடம் வைத்திருக்கின்றன. அப்பாடத்தை எளிய நடையில் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலம் வகுத்த உணவு

சுற்றுச்சூழலே உணவை வகுக்கிறது என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது உணவையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. மலைக்குத் தினை, காட்டுக்கு வரகும் சாமையும், வயலுக்கு நெல், கடற்கரைக்கு மீன் என நிலத்தையும் உணவையும் இணைத்தே நம் முன்னோர் எண்ணினர்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த இணைப்பை இன்றும் காணலாம். பழைய சித்தூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவ்விரண்டில் எது எப்போது பொய்க்கும் என்று சொல்ல இயலாது. செம்மண் நிலமும் நிச்சயமற்ற மழையும் கூடிய இடத்தில், குறைந்த நீரில் விளையும் கேழ்வரகும் வேர்க்கடலையும் வேரூன்றியது இயல்பே. பலமனேர், குப்பம் பக்கத்து வீடுகளில் ராகிச் சங்கட்டியும் வேர்க்கடலைத் துவையலும் இணைபிரியாதவை. வெயில் நாள்களில் உழவர் குடிக்கும் கூழும் இந்நிலம் தந்ததே.

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். நெல்லுக்குப் போதிய நீர் தராத நிலம், நெல்லில் இல்லாத வலிமையைக் கேழ்வரகின் வழியே தந்திருக்கிறது.

காய்கறியே இல்லாத சமையல்

இனி, பயிரே விளையாத நிலத்துக்குச் செல்வோம். கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனூயிட் மக்களின் மரபு உணவில் தானியத்துக்கோ காய்கறிக்கோ பெரிய இடமில்லை. சீல், திமிங்கிலம், மீன், காரிபூ என்னும் பனிமான் ஆகியவையே அவர்களின் உணவு. கோடையில் கிடைக்கும் சில பெர்ரிப் பழங்களும் கடற்பாசியும் அதற்குத் துணை.

பழமும் கீரையும் உண்ணாத மாலுமிகள் பல்லீறு வீங்கி ஸ்கர்வி நோயால் மடிந்த காலத்தில், இனூயிட் மக்கள் மட்டும் எவ்வாறு நலமாக இருந்தனர்? விடை அவர்களின் சமையல் முறையில் இருந்தது. திமிங்கிலத்தின் தோலோடு கூடிய கொழுப்பை அவர்கள் 'முக்டுக்' என்கின்றனர். அதில் உயிர்ச்சத்து சி உண்டு. சீலின் ஈரலிலும் உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அச்சத்து அழிந்துவிடும். அவர்களோ இவற்றைப் பெரும்பாலும் பச்சையாகவே உண்டனர். விறகு கிடைக்காத நிலம் கற்றுத்தந்த பழக்கமே அவர்களைக் காத்தது.

இதை வெளியுலகம் எளிதில் நம்பவில்லை. வடதுருவப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆய்வுப்பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சன், 1928ஆம் ஆண்டு நியூயார்க்கில் மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே உண்ணும் சோதனையைத் தொடங்கினார். அவரும் அவருடைய தோழர் ஒருவரும் ஓராண்டை அவ்வாறே கழித்தனர். இருவருக்கும் ஸ்கர்வி வரவில்லை. பின்னர், 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கிரீன்லாந்து இனூயிட் மக்களின் உடலில் கொழுப்பைக் கையாளும் மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வுணவுக்கு ஏற்ப மாறியிருப்பதைக் காட்டியது. ஆகவே அவர்களின் உணவை நாம் பின்பற்ற வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஒரு நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் உணவு, ஆராய்ந்து பாராமல் தள்ளிவிடக்கூடியதன்று என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய கருத்து.

பனிக்கட்டிக்கு அடியில் ஒரு வயல்

மனிதரின் உணவுக்கு மட்டுமன்று, துருவங்களின் எல்லா உயிர்களுக்கும் பனியே அடிப்படை. தென்துருவக் கடலில் மிதக்கும் பனிப்படலத்தின் அடிப்புறத்தில் நுண்பாசிகள் படர்கின்றன. அதை ஒரு தலைகீழ் வயல் எனலாம். குளிர்காலத்தில் அப்பாசியை மேய்ந்தே 'கிரில்' என்னும் உயிரியின் குஞ்சுகள் பிழைக்கின்றன. நம் கடற்கரைகளில் காணும் சிற்றிறாலை ஒத்த இந்தக் கிரில், முழு வளர்ச்சியில் 6 சென்டிமீட்டர் அளவே இருக்கும். ஆயினும் பென்குயின், சீல், மீன், திமிங்கிலம் என அங்குள்ள பெரும்பாலான உயிர்களின் சோறு அதுவே. உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத்திமிங்கிலமும் இந்தச் சிற்றுயிரை உண்டே வாழ்கிறது.

பேரரசுப் பென்குயின்களுக்குப் பனிப்படலம் உணவுக்களம் மட்டுமன்று, மகப்பேறு மனையும் அதுவே. ஆண் பறவை முட்டையைத் தன் கால்களின் மேல் வைத்துக் காத்து, ஏறத்தாழ 4 மாதங்கள் உணவின்றி நிற்கும். குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கும் வரை அப்பனி உடையாமல் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்ததால், ஆய்வாளர்கள் கவனித்த 5 பென்குயின் குடியிருப்புகளுள் 4இல் குஞ்சுகள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தனர். நான்கு மாதப் பட்டினியின் பயன் ஒரே வாரத்தில் கரைந்துபோகக்கூடும். பருவம் தவறிய மழையில் களத்திலேயே பயிரை இழந்த உழவர்களுக்கு இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

அண்டார்க்டிகாவில் நம்மவர்

இந்தியர்களுக்கு இந்நிலங்கள் அயலல்ல. டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியப் பயணக் குழு 1982 சனவரியில் அண்டார்க்டிகாவில் கால்பதித்தது. தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என மூன்று நிலையங்களை நம் நாடு அங்கு அமைத்தது. பின்னிரண்டும் இன்றும் இயங்குகின்றன. வடதுருவப் பகுதியில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் செயல்படுகிறது. இப்பணிகளைக் கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் ஒருங்கிணைக்கிறது.

அங்குள்ள நம்மவர் எதை உண்கின்றனர்? அந்நிலம் தருவதை அவர்கள் தொடுவதில்லை. அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், உறைய வைத்த காய்கறி என யாவும் கப்பலில் செல்ல வேண்டும். மைத்ரிக்குக் குடிநீர் மட்டும் அருகிலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து கிடைக்கிறது. 1991இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறை, உயிருள்ள கோழியை அங்குக் கொண்டுசெல்வதைத் தடை செய்கிறது. உரித்த கோழியையும் நோய் உள்ளதா என ஆய்ந்த பின்பே அனுப்ப வேண்டும். நம் கோழியின் நோய் அங்குள்ள பறவைகளுக்குப் பரவிவிடக்கூடாது என்பதே காரணம். விருந்தினராகச் சென்றவர் வீட்டாரின் நலன் கருதித் தம் உணவையே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பண்பு இது.

தெளித்தவர் ஓரிடம், உண்டவர் ஓரிடம்

அதே பண்பை நாம் எப்போதும் காட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்து ஆய்வாளர்கள், ஆலைக்கழிவால் மாசுபட்ட தென்பகுதித் தாய்மாரின் பாலோடு ஒப்பிடுவதற்காக, தூய்மையான வடபகுதியில் வாழும் இனூயிட் தாய்மாரின் பாலைச் சோதித்தனர். முடிவு அவர்களைத் திகைக்க வைத்தது. மின்மாற்றிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருள், இனூயிட் தாய்மாரின் பாலில் ஏறத்தாழ 5 மடங்கு மிகுந்திருந்தது. அங்கு ஆலை எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். வெப்ப நாடுகளிலும் தொழில் நாடுகளிலும் வெளியேறிய சில வேதிப்பொருள்கள் ஆவியாகி, காற்றோடும் கடல்நீரோடும் வடக்கே சென்று, குளிரில் படிந்துவிடுகின்றன. அவை எளிதில் சிதைவதில்லை. கொழுப்பில் தங்கிவிடுகின்றன. பாசியிலிருந்து சிற்றுயிருக்கும், அதிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும் செல்லச் செல்ல அவற்றின் செறிவு வட்டிக்கு வட்டி போலப் பெருகுகிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நிற்பவள் தாய். அவளுடைய பாலைக் குடிப்பது சேய்.

இக்கண்டுபிடிப்பு உலக நாடுகளை ஒன்றுகூட்டியது. 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, வடதுருவ மக்களுக்கு நேர்ந்த ஆபத்தைத் தன் முன்னுரையிலேயே குறிப்பிடுகிறது. 2006இல் இந்தியாவும் அதை ஏற்றது. டி.டி.டி.யை உழவில் பயன்படுத்த நம் நாடு 1989இலேயே தடை விதித்திருந்தது. வயல்களில் பரவலாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் 2011இல் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில் நம் உச்சநீதிமன்றமும் அதற்குத் தடை விதித்தது. நம் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து நம் வேலியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாடகையில்லாப் பாதுகாப்புப் பெட்டகம்

துருவம் நமக்குச் செய்யும் ஓர் உதவியையும் இங்குக் கூறவேண்டும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட உலக விதைப் பெட்டகம் 2008 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உலகின் விதை வங்கிகள் தம்மிடமுள்ள விதைகளின் மறுபடியை அங்கு வைத்துள்ளன. உறைகுளிரில், கழித்தல் 18 பாகையில், அவை உறங்குகின்றன.

அதன் நடைமுறை வங்கிப் பெட்டகத்தை அப்படியே ஒத்திருக்கிறது. பெட்டி வைத்தவருக்கே உரியது. நார்வே அரசும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. வைத்தவர் கேட்டால் மட்டுமே வெளியே வரும். ஒரு வேறுபாடு: அங்கு வாடகை இல்லை.

ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்செருவில், 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் உள்ளது. சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, வேர்க்கடலை, கேழ்வரகு உள்ளிட்ட சிறுதானியங்கள் ஆகியவற்றின் விதைகளை அது காத்துவருகிறது. வேர்க்கடலையில் மட்டும் ஏறத்தாழ 15,000 மாதிரிகள் அதனிடம் உண்டு. அந்நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளை ஸ்வால்பார்டுக்கு அனுப்பியுள்ளது. வெயிலில் வாடும் இராயலசீமைப் பயிர்களின் உறவினர்கள், துருவப் பனியில் காப்புறுதி பெற்றுள்ளனர்.

அக்காப்புறுதி வெறும் காகிதத்தில் இல்லை. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே இயங்கிய ஒரு பன்னாட்டு விதை வங்கி உள்நாட்டுப் போரால் எட்ட முடியாததாகிவிட்டது. 2015இல் அதன் நிர்வாகம் ஸ்வால்பார்டில் தான் வைத்த விதைகளைத் திரும்பப் பெற்று, வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கி, பின்னர் மீண்டும் பெட்டகத்தில் வைத்தது. வைப்பை எடுத்தவர் அதைத் திருப்பி வைத்த இந்த ஒழுங்கு எங்களைப் போன்ற வங்கியாளர்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று.

ஆனால் அந்தப் பெட்டகமும் காலநிலைக்கு அப்பாற்பட்டதன்று. 2016இல் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தாலும் மழையாலும் அதன் நுழைவுச் சுரங்கத்தில் நீர் புகுந்தது. விதைகளுக்குத் தீங்கில்லை. எனினும் நார்வே அரசு நுழைவுப் பகுதியை வலுப்படுத்த நேர்ந்தது. என்றென்றும் உறைந்தே இருக்கும் என்று எண்ணி நம்பிய நிலமே இளகத் தொடங்கியுள்ளது.

பெட்டகத்தில் இருப்பது விதை, பழக்கம் அன்று. எப்போது விதைப்பது, எவ்வாறு களி கிண்டுவது, எதனோடு உண்பது என்னும் அறிவை எந்தப் பனியும் காக்காது. அதை வயலும் அடுப்பும்தான் காக்க வேண்டும்.

கடை அலமாரி மாற்றிய உணவு

இன்று உணவை நிலம் மட்டும் வகுப்பதில்லை. அரசின் கொள்கையும் கடையின் அலமாரியும் சேர்ந்தே வகுக்கின்றன. 1983இல் ஆந்திரத்தில் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டம் வந்தது. ஏழைகளின் பசியைத் தீர்த்த அத்திட்டத்தின் பயனை யாரும் மறுக்க இயலாது. அதே வேளையில், நாள்தோறும் அரிசிச் சோறு எளிதாகக் கிடைத்தபோது கேழ்வரகின் இடம் சுருங்கியது. வடதுருவ ஊர்களிலும் கப்பலிலும் விமானத்திலும் வரும் மாவும் சர்க்கரையும் இனிப்புப் பானங்களும் வேட்டை உணவின் இடத்தைப் பிடித்தன. அங்குப் பனி மெலிவதால் வேட்டைக்குச் செல்வதே இடர்மிக்கதாகிறது. கடை உணவோ விலை மிகுந்தது. மரபு உணவுக்கும் கடை உணவுக்கும் இடையே அம்மக்கள் நெருக்குண்டு நிற்கின்றனர்.

நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஆந்திர அரசுப் பள்ளிகளில் வாரத்துக்கு 3 நாள் ராகிக் கஞ்சி வழங்கும் திட்டம் தொடங்கியது. பள்ளியில் ஒரு குவளை கஞ்சி குடிக்கும் பிள்ளை, வீட்டில் பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டால், அறுந்த நூல் மீண்டும் முடியப்படும்.

எங்குக் கற்கலாம்?

திருமலைக்கு வரும் குடும்பங்கள் அலிபிரிச் சாலையில் உள்ள மண்டல அறிவியல் மையத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம். தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் கீழ் 1993 முதல் இயங்கும் இம்மையத்தில், கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதைவிடக் கையால் இயக்கிக் கற்பதே முறை. பிள்ளைகளுக்கு அறிவியல் பூங்காவும் உண்டு.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 1,024 அலைவாங்கிகள் கொண்ட அதன் ரேடார், நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளக்கிறது. காற்றுக்கு மாவட்ட எல்லை கிடையாது. காரா கடல் என்னும் வடதுருவக் கடற்பகுதியில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் பெய்யும் கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என நம் நாட்டுத் துருவ ஆய்வாளர்கள் 2021இல் எழுதினர். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் ஓடிய வெள்ளத்தையும், இராயலச்செருவு உடையுமோ என ஊரார் அஞ்சிய இரவுகளையும் நாம் மறக்கவில்லை. அவ்வெள்ளத்துக்குத் துருவத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது. எனினும் மழையைப் புரிந்துகொள்ள வானம் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28ஐ ஒட்டி ஆய்வுக்கூடங்கள் பல பொதுமக்களை வரவேற்பது வழக்கம். பள்ளிகள் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

வீட்டிலும் கற்கலாம். ஒரே அளவான இரு தட்டுகளில் ஒன்றை வெள்ளைத் துணியாலும் மற்றதைக் கறுப்புத் துணியாலும் மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு பனிக்கட்டி வைத்து வெயிலில் விடுங்கள். கறுப்பின் மேல் உள்ளது முந்திக் கரையும். வெண்பனி மறைந்து கருங்கடல் வெளிப்படும்போது துருவம் ஏன் மேலும் வேகமாகச் சூடாகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு அறிவர். அடுத்து, வீட்டுப் பெரியவரிடம் அவர் சிறுவயதில் எந்த மாதம் எதை உண்டார் என்று கேட்டு, 12 மாதங்களுக்கும் ஓர் அட்டவணை எழுதச் சொல்லுங்கள். அதன் அருகில் இன்றைய உணவை எழுதட்டும். நிலம் விலகிய இடமெல்லாம் அந்தத் தாளில் தெரியும்.

பயிர்க்கடன் கேட்டு வரும் உழவர்களிடம் கிளைகளில் நாங்கள் பயிரின் பெயரையும் பரப்பையும் கேட்கிறோம். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அவ்வினாவுக்கு இடமுண்டு. அடுத்த விதைப்புக்கு முன் ஒரு படி நாட்டுக் கேழ்வரகையோ நல்ல வேர்க்கடலையையோ நன்கு உலர்த்தி, தனியே எடுத்து வையுங்கள். வாரத்தில் இரு வேளை அதையே உண்ணுங்கள். பனிமலையில் இருப்பது உலகின் வைப்பு. நம் வீட்டுக் குதிரில் இருப்பது நம் நடப்புக் கணக்கு. இரண்டிலும் இருப்பு இருந்தால்தான் நம் பிள்ளைகளின் உண்கலம் நிறையும்.